கப்பிக் குஞ்சுகளுக்கு ஒரு கைப்பிடி பாசி

சேலத்தில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் கப்பி மீன் முதல்முறை குட்டி போட்ட இரவு 18 எண்ணினேன். காலையில் இருந்தவை 2. தின்றது வேறு யாருமல்ல, பெற்ற தாயும் கூட இருந்த மீன்களும்தான்!

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிரசவக் கூண்டு எனக்குப் பிடிக்காது. அந்த நெருக்கடியில் தாய் மீன் மிரண்டுவிடுகிறது. ஜாவா பாசி என்ற மெல்லிய இழைகள் கொண்ட நீர்ச்செடியை ஒரு கைப்பிடி எடுத்து, தெர்மாகோல் துண்டில் கட்டி மிதக்கவிடுங்கள். கண்ணும் வாலுமாகத் தெரியும் அந்தப் பொடிசுகள் இழைகளுக்குள் புகுந்துகொள்ளும். ஃபில்டர் உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூடுங்கள்.

தீனிக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, குண்டூசித் தலையளவு போதும். மிஞ்சினால் தண்ணீர் நாறும். ஏற்காட்டில் வளர்ப்பவர்கள் மார்கழிக் குளிரில் ஹீட்டரை 25 டிகிரியில் வையுங்கள். தவறவிட்டாலும் கவலை வேண்டாம், ஏறக்குறைய 4 வாரத்தில் அடுத்த ஈடு வந்துவிடும்.