பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு மனு

மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் என்னோடு இருக்கலாம், மாதம் இரண்டு ஞாயிறு அப்பாவோடு என்று மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் உத்தரவாகியிருந்தது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும், "உத்தரவுதான் உன் கையில் இருக்கே, கிளம்ப வேண்டியதுதானே" என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்படிக் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிறு தவறினாலும் உத்தரவை மீறியவர் நீங்கள்தான். நீதிமன்றமே உங்களைக் காப்பாளராக நியமித்திருந்தால், அனுமதி இல்லாமல் பிள்ளையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைக்க, காப்பாளர்களைப் பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டமும் விடாது.

உத்தரவு போட்ட அதே கோர்ட்டில், அதை மாற்றக் கேட்டு மனுப் போடுங்கள். சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று சொல்லி, மகனை ஆஸ்திரேலியாவுக்கே கூட்டிப்போக ஒரு தாயை 2010-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், புதுப் பள்ளியில் இடம் உண்டு என்ற கடிதம் எல்லாம் வையுங்கள். ஆனால் எனக்குக் கைகொடுத்தது கடைசிப் பக்கம்தான். 'இரண்டாம் சனி பகல் 12 மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒப்படைப்பேன், ஞாயிறு மாலை 4 மணிக்கு அங்கேயே கூட்டிக்கொள்வேன். பஸ் செலவு என்னுடையது. காலாண்டு, அரையாண்டு லீவில் பாதி, மே மாதம் 20 நாள் அப்பாவிடம். புதன், வெள்ளி இரவு ஏழரைக்கு வீடியோ கால்.' இப்படி மணி முதற்கொண்டு எழுதுங்கள். 'பார்க்க விடுவேன்' என்று மொட்டையாக எழுதினால் யார் நம்புவார்கள்?

நீதிபதி பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், பாவம், அது முகத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது வாய்தாவில் மகளின் அப்பா அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மகள் தன் தோளில் இருக்க வேண்டும். சரி என்றேன். அந்த வரியையும் சேர்த்தே உத்தரவு வந்தது. சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைப் புதுப் பள்ளியில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வீட்டைக் காலி செய்தேன்.