எலும்புப்புரை: காபியில் தொடங்கும் தவறுகள்

"எலும்பு தேஞ்சு போச்சு" என்று கடலூர்ப் பக்கம் யாராவது சொன்னால், பெரும்பாலும் முழங்கால் வலியைத்தான் சொல்வார்கள். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. அது மாடிப்படி ஏறினால் வலிக்கும், உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். எலும்புப்புரை வேறு நோய். எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, அறுந்து, எலும்பு உளுத்த மரம்போல் ஆகிவிடும். முறியும்வரை ஒரு வலியும் இருக்காது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் முழங்கால் வலிக்குக் கால்சியம் மாத்திரை வாங்குகிறார்கள். எலும்புப்புரை உள்ளவரோ "எனக்குத்தான் வலியே இல்லையே" என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்.

வலி சொல்லாததை வேறு அடையாளங்கள் சொல்லும். வழுக்கி விழுந்து கையை ஊன்றியதும் மணிக்கட்டு முறிந்துவிடும். முதுகு மெல்லக் கூன் விழும். இளவயதில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருக்கும். 60 வயது அம்மாவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரத்தில் பிரித்து, அதோடு விட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. அடுத்து முறியப் போவது இடுப்பாக இருக்கலாம். கட்டுப் போட்ட டாக்டரிடமே "எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இலவச முகாம்களில் குதிகாலை ஒரு கருவியில் வைத்துச் சொல்லும் கணக்கை வைத்து மருந்து தொடங்கவும் கூடாது, "நார்மல்" என்று நிம்மதியடையவும் கூடாது. நோயை உறுதி செய்ய இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே, வேண்டும். நம் எலும்பை ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டு அதில் தரும் எண்தான் டி-ஸ்கோர். அது -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு வயது குறைவாக இருந்தாலும் எலும்பைக் கவனிக்க வேண்டும். அதற்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலை நடக்கிறவர்கள், வைட்டமின் டி கணக்கும் அதிலேயே முடிந்துவிட்டதாக நினைப்பதுண்டு. நடை எலும்புக்கு நல்லதுதான். ஆனால் ஆறு மணி வெயிலில் வைட்டமின் டி அநேகமாகக் கிடைக்காது. தரையில் விழும் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் அதைத் தரும். குறைபாடு இருந்தால் 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்று என்று எழுதித் தருவார்கள். அதைத் தினமும் கலக்கிக் குடித்து, குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு என்று போய் நிற்பவர்கள் உண்டு. சீட்டில் "வாரம்" என்று இருக்கிறதா, எத்தனை வாரம் என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

கால்சியம் நாளுக்கு 1,000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. இதில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்தே வரலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு பெரிய டம்ளர் பாலில் 240 மி.கி. கூழுக்கு முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாடு நல்ல ஜோடி; ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பு போக ஊற வைத்துக் கழுவி எடுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம், உடம்பு ஏற்காது. கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் இருந்தால் சாப்பிட்டவுடன் போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

அதிகமாகத் தவறு நடப்பது, எலும்பு கரைவதைத் தடுக்க வாரம் ஒருமுறை போடும் 70 மி.கி. அலெண்ட்ரோனேட் மாத்திரையில். சரியாகப் போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து அது. காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் வீண். எழுந்ததும் பல் துலக்கிவிட்டு, வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரில் முழுசாக விழுங்க வேண்டும். சப்பவோ பொடிக்கவோ கூடாது. பிறகு அரைமணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம், படுக்க மட்டும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அரைமணிக்குப் பிறகுதான் காபி. மறந்துவிட்டால் மறுநாள் காலை ஒன்று போடலாம், ஒரே நாளில் இரண்டு கூடாது. நிமிர்ந்து உட்கார முடியாத படுக்கை நோயாளிக்கு இந்த மாத்திரையே ஆகாது. வருடம் ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றும் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். பல் பிடுங்கப் போனால் இந்த மருந்துகளைப் பற்றிப் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தொடையில் புதிதாக வலி வந்தால் மருந்து எழுதிய டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போடுவது இன்னும் மோசம். மருந்தின் வேகம் தீர்ந்ததும் எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கி, முதுகெலும்பில் ஒரே சமயத்தில் பல முறிவுகள் வரலாம். தையில் போட்டால் அடுத்தது ஆடி, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வேறு மருந்துக்கு மாறாமல் நிறுத்தவே கூடாது.

மருந்தெல்லாம் சரி, குனியும் விதத்தில் கோட்டை விடுவார்கள். மார்கழியில் இடுப்பை மடித்துக் குனிந்து வாசல் நிறையக் கோலம் போடும்போது, முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கத்தில் பாரமெல்லாம் இறங்குகிறது. மெலிந்த எலும்பு அந்தப் பக்கம் நசுங்கிச் சாய்ந்துவிடும், கூன் விழுவது இப்படித்தான். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, கைக்கு எட்டும் அளவில் சின்னக் கோலம் போதும். தண்ணீர்க் குடத்தைத் தரையிலிருந்து தூக்குவது, தொப்புளை நோக்கி மடங்கும் உடற்பயிற்சிகள், எண்ணெய் தேய்த்து முதுகை அழுத்தி மிதிக்கச் சொல்வது எல்லாம் இதே கணக்கு. டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேகத்தடையில் தூக்கிப்போட்டு இறக்கினால் போதும்.

படுக்கையில் இருப்பவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எழுப்ப வேண்டுமென்றால் முதலில் முழங்காலை மடக்கச் சொல்லி, தோளையும் இடுப்பையும் சேர்த்து ஒரே கட்டையாக ஒருக்களிக்க வையுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, அவர் கையை ஊன்றி எழும்போது தோளைத் தாங்கினால் போதும். உட்கார்ந்து இரண்டு நிமிடம் கழித்து நிற்கட்டும். உடனே எழுந்து நின்றால்தான் தலைசுற்றி விழுவார்கள்.

பழைய வீடுகளின் உயர்ந்த நிலைப்படி, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சிமெண்ட் முற்றம், கழிவறைக்குப் போகும் இருட்டு வழி, இவைதான் வீட்டில் விழும் இடங்கள். நிலைப்படியில் மஞ்சள் பட்டை அடியுங்கள், இரவு விளக்கு போடுங்கள், கழிவறையில் சுவரோடு கைப்பிடி பொருத்துங்கள்.

விழுந்தபின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "எழுந்து நில்லுங்க பார்க்கலாம்" என்று நிறுத்திப் பார்ப்பது, எண்ணெய் நீவுவது, நாட்டுக்கட்டுக்கு ஆட்டோவில் ஏற்றுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிந்தால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் சளியும் குறையும். ஆம்புலன்ஸ் வரும்வரை கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை அதில் உண்டா என்றுதான் மயக்க டாக்டர் முதலில் கேட்பார்.