மலையகத்திலிருந்து எம்.பி.ஏ. நேர்முகத்தேர்வுக்கு

வணிகக் கல்லூரியிலிருந்து நேர்முகத்தேர்வுக்கு அழைப்பு வந்ததும் முதலில் விசாரிக்க வேண்டியது, கேள்வி கேட்பவர் உங்கள் விண்ணப்பத்தைப் படித்திருப்பாரா என்பதைத்தான். ஹார்வர்டில் முழுவதையும் படித்துவிட்டுத்தான் 30 நிமிடம் பேசுவார்கள். எழுதிக் கொடுத்ததையே அங்கே ஒப்பித்தால் நேரம்தான் வீண். வேறு பல இடங்களில் கையில் சுயவிவரக்கோவை மட்டுமே இருக்கும். அங்கே அடியிலிருந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இன்னொரு வணிகக் கல்லூரியான வார்ட்டனில் சக விண்ணப்பதாரர்களோடு குழுக் கலந்துரையாடலும் உண்டு. அழைப்பில் விபரம் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், அதனால் புள்ளி குறையாது.

அடுத்து, உங்கள் வேலையிலிருந்து ஐந்து சம்பவங்களை எடுத்து வையுங்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். செய்ததை ‘நான்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். தேர்வுக் குழுவுக்குத் தெரிய வேண்டியதோ நீங்கள் எடுத்த முடிவு.

தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்பவர் ‘தரத்தைக் கூட்டினோம்’ என்றால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘மாலைக் கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்து வந்தது. ஒரே நடையில் லொறி எல்லா மலையையும் சுற்றியதுதான் காரணம். இரண்டு நடையாக்கலாம் என்றேன். டீசல் செலவு கூடும் என்று தோட்ட முகாமையாளரான துரை மறுத்தார். ஒரு டிவிஷனில் மட்டும் ஒரு வாரம் செய்து, பழுதான கொழுந்தின் கணக்கையும் டீசல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.’ இதற்கு இரண்டு நிமிடம் போதும். உடனே ‘எத்தனை கிலோ?’, ‘அப்போதும் மறுத்திருந்தால்?’, ‘சாரதி என்ன சொன்னார்?’ என்று தோண்டுவார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் இப்படி மூன்று துணைக்கேள்விகளுக்காவது பதில் வைத்திருங்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்: ஒரு சொல் தவறினால் மீதியும் போய்விடும். எண்களை மட்டும் மனதில் பதியுங்கள்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) வளர்ந்ததையோ, அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்ததையோ மறைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் கஷ்டத்தோடு நிறுத்தினால் அனுதாபம்தான் கிடைக்கும், இடம் கிடைக்காது. இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அது உங்களை எந்த முடிவுக்குத் தள்ளியது என்பதற்கு வந்துவிடுங்கள்.

தோட்டப் பின்னணியைச் சொன்னால் தேயிலையைப் பற்றிக் கேள்வி வரும் என்று எதிர்பாருங்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, 2021இல் இரசாயன உரத்தடை வந்தது, கொழும்புத் தேயிலை ஏலம் நடக்கும் முறை ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. பெருந்தோட்டங்களை மட்டும் வைத்துப் பேசுகிறவர் இதில் மாட்டிக்கொள்வார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் நழுவ வேண்டாம். உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லி, அதற்கு எதிரான மிக வலுவான வாதத்தையும் நீங்களே சொல்லுங்கள்.

சூமில் என்றால் தகரக் கூரையை நினைவில் வையுங்கள். மழை பிடித்தால் உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்காது. கொங்கிரீட் சிலேப் போட்ட அறை ஒன்றை டவுனில் முன்கூட்டியே பேசி வையுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும், அதற்கு மினி யூ.பி.எஸ். வேண்டும். வேறொரு கம்பனி சிம்மில் 2 ஜிபி டேட்டாவும் கையில் இருக்கட்டும். அதே அறையில், அதே நேரத்தில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நேர வித்தியாசத்திலும் கவனம்: பொஸ்டனில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நவம்பரில் அங்கே கடிகாரம் மாறும் வாரத்தில் குழப்பம் எளிதில் வரும்.

நேரில் கொழும்புக்கு என்றால் முதல்நாளே இறங்கிவிடுங்கள். ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ அன்று காலை ரயிலை நம்பிப் புறப்படாதீர்கள். மண்சரிவு, பனிமூட்டம் எதுவானாலும் தாமதம் உங்கள் தலையில்தான் விழும்.

கடைசியில் ‘எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?’ என்பார்கள். இணையதளத்தில் உள்ளதைக் கேட்காமல், உங்கள் திட்டத்தோடு ஒட்டிய ஒன்றைக் கேளுங்கள், உதாரணமாக விவசாயத் தொழில்களில் களப்பயிற்சிக்கு மாணவரை எப்படி அனுப்புகிறார்கள் என்று. அன்றைக்கே நாலு வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். பேச்சில் ஏதாவது எண்ணைத் தவறாகச் சொல்லியிருந்தால் அதிலேயே திருத்திவிடலாம்.