பூட்டிக் கிடக்கும் பழைய மடிக்கணினி: 'போமற்' அடிப்பதற்கு முன்

அலுமாரிக்கு மேல் சில வருடங்களாகக் கிடந்த மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்து, சார்ஜரைச் செருகி, அது உயிர்பெற்றதும் வருகிற மகிழ்ச்சி, கடவுச்சொல் கேட்கும் திரையோடு அடங்கிவிடுகிறது. (பற்றரி உப்பியிருந்தால் சார்ஜரைச் செருகவே வேண்டாம்.) யாழ்ப்பாணத்தில் பலர் அடுத்ததாக அதைக் கடைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படித்தான் நடந்தது. "போமற் அடிச்சால் சரி" என்றார்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது; நாங்களும் தலையாட்டினோம். கணினி திறந்தது, ஆனால் தங்கையின் திருமணப் படங்கள் போய்விட்டன. ஆகவே கைவைப்பதற்கு முன் வேண்டியது கணினியா, உள்ளே இருக்கும் கோப்புகளா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கோப்புகள் வேண்டுமென்றால் அவற்றை முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் பூட்டை உடைக்க வேண்டும்.

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துபோனதா என்பதையும் பாருங்கள். இலக்க விசைகளை இயக்கும் 'நம் லொக்' விழுந்திருந்தால், சில பழைய சிறிய மடிக்கணினிகளில் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 என இலக்கங்களையே அடிக்கும். திரையின் கீழ் வலது மூலையில் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரான என் பெரியப்பா, "அம்மா எண்டுதான் போட்டனான்" என்று உறுதியாகச் சொன்னார். அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனையோ விதமாக அடித்தும் கணினி மசியவில்லை. வினாத்தாள் எல்லாம், ஆங்கில விசைகளாலேயே தமிழ் எழுத்தைத் தரும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய விரல்கள் அவருடையவை என்பது பிறகுதான் உறைத்தது. பாமினி எழுத்துருவில் அம்மா என்று வர அடிக்கவேண்டியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதை அடித்ததும் திறந்தது. வாகன இலக்கம், 021 இல் தொடங்கும் பழைய வீட்டுத் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றையும் ஒருமுறை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

எதுவும் பலிக்காவிட்டால், விண்டோஸ் கணக்கு எந்த வகையானது என்பதைக் கண்டறிய வேண்டும். பெயருக்குக் கீழே மின்னஞ்சல் முகவரி தெரிந்தால் அது மைக்ரோசொஃப்ட் கணக்கு. அப்படியானால் வேலை பாதி முடிந்தது. கைத்தொலைபேசியில் மைக்ரோசொஃப்ட் கணக்கின் கடவுச்சொல் மீட்புப் பக்கத்துக்குச் சென்று, பதிவு செய்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கோ வேறு மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல் அமைக்கலாம். அதன்பின் மடிக்கணினியின் நுழைவுத் திரையிலேயே உள்ள இணைய அடையாளத்தைத் தொட்டு வைஃபையில் இணைத்தால்தான் புதிய கடவுச்சொல்லை அது ஏற்கும். இணையத்தில் இணையாத கணினி, கடைசியாக இணைந்திருந்த காலத்துக் கடவுச்சொல்லையே நினைவில் வைத்திருக்கும் என்பதால், பிற்பாடு மாற்றியதை அடித்துக் களைத்துப்போனவர்கள் அதற்கு முந்தையதை முயல வேண்டும். இணைந்தும் ஏற்காவிட்டால் கணினியின் திகதியைப் பாருங்கள்: உள்ளிருக்கும் சி.ஆர்.2032 என்ற நாணய வடிவப் பற்றரி இறந்துபோனால் திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விடும்; திகதி பிழையானால் பாதுகாப்பான இணைய இணைப்பும் வேலை செய்யாது. விண்டோஸுக்கு முன்பே கணினியை இயக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸின் அமைப்பில் திகதியைத் திருத்தினால் போதும்.

பெயர் மட்டும் தெரிந்தால் அது கணினிக்குள்ளேயே அமைத்த உள்ளகக் கணக்காக இருக்கலாம். விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து இத்தகைய கணக்குக்கு மூன்று பாதுகாப்புக் கேள்விகள் உண்டு. பிழையான கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால் 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்ற இணைப்புத் தோன்றும். அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள வேறொருவரின் கணக்கு இருந்தால் அவரும் மாற்றித் தரலாம். ஆனால் அவ்வாறு வெளியிலிருந்து மாற்றும்போது, விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டிய கோப்புகளையும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் இழக்க நேரலாம்.

இவையும் கைகொடுக்காதபோதுதான் நான் மிகவும் நம்பும் வழி வருகிறது. விண்டோஸின் கடவுச்சொல் விண்டோஸுக்குத்தான் காவல், வன்தட்டுக்கு அல்ல. வேறொரு கணினியில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜி.பி. பென் ட்ரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் இருப்பவை அழியும் என்பதால் வெறும் பென் ட்ரைவாக இருக்கட்டும். அதைப் பழைய கணினியில் செருகி, இயக்கியவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்.பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப் விசையை விட்டுவிட்டுத் தட்டினால், பெரும்பாலும் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். பென் ட்ரைவைத் தெரிவுசெய்து, 'ட்ரை உபுண்டு' என்பதை மட்டும் அழுத்துங்கள். பக்கத்திலுள்ள 'இன்ஸ்ரோல்' மீது விரல் பட்டால், நீங்கள் பயந்த அதே போமற் உங்கள் கையாலேயே நடந்துவிடக்கூடும். பிறகு கோப்புகள் பகுதியில் விண்டோஸ் வட்டைத் திறந்து, 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரிலுள்ளதை வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்தால் படங்களும் ஆவணங்களும் கைக்கு வந்துவிடும். கணினி இயங்கவே மறுத்தால், 2.5 அங்குல வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி உறையொன்றில் போட்டு வேறு கணினியில் செருகினாலும் இதே பலன்தான்.

வட்டு முழுவதும் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லொக்கரால் குறியாக்கப்பட்டிருந்தால் இந்த வழி அடைபடும். அப்போது தேவைப்படும் 48 இலக்க மீட்பு எண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி அண்ணாவுடையதாக இருந்து அவர் இப்போது கனடாவில் இருந்தால், அங்கிருந்தே தன் கணக்கில் பார்த்து வாட்ஸ்அப்பில் சொல்லலாம்.

கோப்புகள் பத்திரமான பிறகு, விண்டோஸ் 10 இல் நுழைவுத் திரையிலுள்ள மின்பொத்தானைத் தொட்டு, ஷிஃப்டை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'ட்ரபிள்ஷூட்' வழியாக 'ரீசெட் திஸ் பீசி' சென்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். மின்வெட்டு வரக்கூடிய நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள். பழைய பற்றரி ஐந்து நிமிடமும் தாங்காது.

விண்டோஸ் அடையாளம் தோன்றுவதற்கு முன்னரே கடவுச்சொல் கேட்டால் அது பயோஸின் பூட்டு. மேலே சொன்ன எதுவும் அதைத் திறக்காது. கணினி வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு உற்பத்தி நிறுவனத்தின் சேவைப் பிரிவை அணுகுவதே அதற்கு வழி.