மூக்கணாங்கயிறு: காளை வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காளைக்கு மூக்குக் குத்திக் கயிறு போடுவது சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. அதனாலேயே அதற்கென்று யாரும் நாள் ஒதுக்குவதில்லை. சந்தையிலிருந்து கன்றை ஓட்டி வந்த மறுநாளே நான்கு பேரைக் கூட்டி, சாய்த்துப் போட்டு, கோணி ஊசியை ஏற்றி முடித்துவிடுகிறார்கள். கயிற்றின் பக்கம் கை போனாலே தலையை உதறும் காளைகளிலும் மூக்கு கிழிந்த எருதுகளிலும் பெரும்பாலானவற்றின் வரலாறு இப்படித்தான் தொடங்கியிருக்கும். பழக்கிய மாட்டுக்கு மூக்கணாங்கயிறு ஒரு சைகை. பழக்காத மாட்டை அடக்கும் விலங்காக அதை நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

கொங்கு நாட்டுக் காங்கேயம் கன்றுகளை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் தாயோடு மேய்ந்து வளரும் காளங்கன்றுக்கு மனிதக் கை அதிகம் பட்டிருக்காது. அப்படிப்பட்ட கன்றின் மூக்கில் ஒரே நாளில் துளையும் கயிறும் ஏறும்போது, மனிதன் தலைப்பக்கம் வந்தால் வலி வரும் என்பதே அது கற்கும் முதல் பாடமாகிவிடுகிறது. மூக்குக் குத்துவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, முகத்தைச் சுற்றி வரும் தலைக்கயிறு போட்டு, கட்டுத்தரையில் நிற்கவும், முகத்தையும் முகவாயையும் தடவவிடவும், பிடித்த கையோடு நாலடி நடந்து வரவும் பழக்கிவிட வேண்டும். தலைக்கயிற்றுக்கே பணியும் கன்றுக்கு மூக்குக் குத்தும் நாளில் பாதிப் போராட்டம் இல்லை. சாதுவான பசுவுக்கும் கிடேரிக்கும் கயிறு குத்துவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தலைக்கயிறே போதும் என்கிற மாட்டுக்கு அது தேவையற்ற புண்தான்.

வயதிலும் அவசரம் கூடாது. எட்டு மாதக் கன்றின் மூக்குத் தண்டு இளசாக இருக்கும். அதில் போட்ட துளை, கன்று வளர வளர இழுபட்டு அகலும். மூன்று வயதைக் கடந்து கழுத்து தடித்து, தன் பலத்தை அறிந்துகொண்ட காளையைச் சாய்ப்பதோ மனிதருக்கும் மாட்டுக்கும் ஆபத்து. ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கு மேல், ஏர் வண்டிக்குப் பழக்கத் தொடங்குவதற்கு முன் என்பதே நம் பக்கத்தில் பலரும் கைக்கொள்ளும் காலம். ஈ மொய்க்கும் மழைக்காலத்தையும், ஊரில் கோமாரி பரவியிருக்கும் நாள்களையும் தவிர்த்துவிட வேண்டும். ஒரே ஊசியை ஒரே நாளில் பல கன்றுகளின் மூக்கில் ஏற்றுகிற பழக்கம், இரத்தத்தின் வழியும் எச்சிலின் வழியும் பரவும் நோய்களுக்குத் தொழுவத்தின் கதவைத் திறந்து வைப்பது போன்றது. ஊசியைக் கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகே அடுத்த கன்றுக்குப் பயன்படுத்த வேண்டும்.

துளை விழும் இடமே இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டு மூக்குத் துவாரங்களுக்குள்ளும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டு நடுச்சுவரைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஆழத்தில் விறைப்பான குருத்தெலும்பு தட்டுப்படும். வெளியே மூக்கு நுனியில் தடித்த ஈரச்சதை இருக்கும். இரண்டுக்கும் இடையில், விரல்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய தொட்டுக்கொள்வது போல மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் ஓரிடம் அகப்படும். துளை அங்கேதான் விழ வேண்டும். மாடு தலையை உதறும் வேகத்தில் ஊசி சற்று உள்ளே போய்க் குருத்தெலும்பைத் துளைத்துவிட்டால், புண் ஆற நாளாகும், சீழ் வைக்கும், கயிறு அசையும்போதெல்லாம் வலி கொல்லும். அந்த வலிக்குப் பயந்தே மாடு முரடாகும். மாறாக, நுனியை ஒட்டி வெளியே குத்திவிட்டால், என்றாவது ஒருநாள் மிரண்டு இழுக்கையில் சதையைக் கிழித்துக்கொண்டு கயிறு கையோடு வந்துவிடும். கோணலாக ஏறிய துளையும் தொல்லைதான். கயிறு ஒரு பக்கமே அழுத்தி, அந்தப் பக்கம் புண்ணாகிக்கொண்டே இருக்கும். எனவே விரல்களால் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேராக, தயங்காமல் ஒரே மூச்சில் குத்தி எடுக்க வேண்டும்.

தலை அசையாமல் இருந்தால்தான் இது நடக்கும். கட்டாந்தரையில் கால்களைக் கட்டிச் சாய்ப்பது லாடம் அடிப்பவர்களுக்குக் கைவந்த கலை என்றாலும், வயிறு நிறையத் தின்ற மாட்டைச் சாய்த்து நெடுநேரம் பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு ஊதும், தின்றது எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும். கொம்பு முறிவதும் உண்டு. கால்நடை மருந்தகங்களில் ஊசி போடுவதற்கென நட்டு வைத்திருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் நிறுத்தி, தலையைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிச் செய்வது இருவருக்கும் நல்லது. அங்கே மருத்துவர் மரத்துப்போகும் ஊசியும் போட முடியும். மயக்க மருந்தைத் தெரிந்தவர் மூலம் வாங்கி வந்து வீட்டில் போட்டுக்கொள்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. மாட்டினத்துக்குத் தாங்கும் அளவு குதிரைக்கான அளவில் மிகச் சிறு பங்கே என்கிற மருந்துகளும் அவற்றில் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், மூக்கணாங்கயிறு போடுவதைக் கொடுமைக் குற்றங்களின் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. ஆனால் அந்த விலக்கு விதித்த முறைப்படி செய்வதற்கே பொருந்தும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

குத்திய அன்றே கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது அடுத்த தவறு. பிடித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். புதுக் கயிறு, புதுக் காளை. ஆனால் துளையின் உட்புறம் தோல் மூடி ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும், அதுவரை மாட்டைத் தலைக்கயிற்றில்தான் நடத்த வேண்டும். முதல் நாள்களில் கயிறு புண்ணோடு ஒட்டிக்கொள்ளாதபடி உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் நனைத்து, மெல்ல அசைத்துவிட்டு, ஈ அண்டாமல் வேப்பெண்ணெய் தடவுவது போதுமானது. சாணம், சாம்பல், மசகெண்ணெய் எதையும் பூசக்கூடாது. துர்நாற்றம், ஒரே பக்கத்தில் சளி, தீவனம் எடுக்காமை, புண்ணுக்குள் நெளியும் புழு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் நின்றால் அது ரண ஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கலாம்; அதற்குப் பொழுது விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

கயிற்றின் தேர்வில் சிக்கனம் உதவாது. ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் நைலான் கயிறு தொங்கும். மட்காது, மலிவு, ஆனால் இழுபடும்போது தோலைச் சுட்டு அறுத்துவிடும். முறுக்கி எண்ணெய் போட்டுப் பதமாக்கிய பருத்தி நூல் கயிறே மூக்குக்கு ஏற்றது. மெல்லியதாகவும் இருக்கக்கூடாது, துளையை அடைக்கும் தடிமனும் கூடாது, முடிச்சு துளைக்குள் சிக்கவே கூடாது. மூக்கிலிருந்து இரு கன்னங்களின் வழியே மேலேறிக் கொம்புக்குப் பின்னால் முடியும் கயிறு, மாடு சும்மா நிற்கும்போது தளர்வாக இருக்க வேண்டும். முடிச்சுக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். வளரும் காளைக்குப் போன பொங்கலில் கட்டிய கயிறு இந்த ஆடியில் இறுகிப்போயிருக்கும். எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் கயிறு துளையைக் குருத்தெலும்பு வரை அறுத்துக்கொண்டே போகும். மேலும், ஓயாமல் வலிக்கிற மூக்குக்கு நாம் இழுக்கும் இழுப்பு தனியாகத் தெரிவதில்லை. முரட்டு மாடு என்று பெயர் வாங்கியவற்றில் சிலவற்றுக்குக் கயிற்றைத் தளர்த்துவது ஒன்றே மருந்து.

பொலிகாளைகளுக்குக் கயிற்றுக்குப் பதில் வளையம் போடுவோர் செம்பு, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு வளையத்தையே போட வேண்டும். இரும்புக் கம்பியை வளைத்துப் போடுவது துருவையும் சீழையும் கொண்டுவரும். திருகு முடுக்கிய இடத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்த பின்பே மாட்டை விட வேண்டும். இரண்டு முதல் மூன்று அங்குல விட்டமுள்ள வளையம் போதும். அதைவிடப் பெரியது வேலியிலும் தீவனத் தொட்டியின் கொக்கியிலும் மாட்டிக்கொள்ளும். வளையமிட்ட பெரிய காளையைக் கயிற்றால் மட்டும் நடத்துவது போதாது. நீண்ட கோலின் முனைக் கொக்கியை வளையத்தில் மாட்டிப் பிடித்தால்தான் காளைக்கும் ஆளுக்கும் இடையே உள்ள தூரம் குறையாது. கயிறு இழுக்க உதவும், தள்ளி நிறுத்த உதவாது.

இனி, உயிருக்கு உலை வைக்கும் தவறு: மூக்கணாங்கயிற்றையே கட்டுத்தறியில் கட்டுவது. பட்டாசு வெடித்தோ நாய் பாய்ந்தோ காளை மிரண்டு பின்வாங்கினால் அதன் 400, 500 கிலோ எடையும் அந்த மெல்லிய சதையின் மேல் விழும். கட்டுவதெல்லாம் கழுத்துக் கயிற்றிலும் தலைக்கயிற்றிலும்தான், அதுவும் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாக. லாரியில் ஏற்றும்போது இது இன்னும் முக்கியம். பிரேக் போடும்போது சறுக்கி விழும் மாட்டை மூக்கு தாங்காது.

நடத்தும்போது தலைக்கயிறும் மூக்கணாங்கயிறும் சேர்ந்தே கையில் இருக்கட்டும். முதலில் தலைக்கயிற்றில் சொல்லி, கேளாதபோது மட்டும் மூக்கில் சொல்லி, மாடு இணங்கிய நொடியே விட்டுவிட வேண்டும். பிடியை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பவனிடம் மாடு கற்பது எதிர்த்து நிற்பதைத்தான். கயிற்றைக் கை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் போனவர்களும் தரையில் இழுபட்டவர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். காளைக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் நடக்காமல் தோளை ஒட்டி நடக்க வேண்டும், பின்புறம் அதன் கண்ணுக்கு எட்டாத இடம். அது பக்கவாட்டில் திரும்பித் திமிலையும் உடலையும் பெரிதாகக் காட்டுவதும், தலையைத் தாழ்த்திக் காலால் மண்ணைக் கிளறுவதும், விழி பிதுங்க முறைப்பதும் விளையாட்டு அல்ல. அப்போது முதுகைக் காட்டி ஓடாமல், அதன்மேல் கண் வைத்தபடியே பின்வாங்கி வேலிக்கு அப்பால் போய்விட வேண்டும். காளைக்குக் கத்தும் பசு அருகில் இருக்கும் நாளில் தனியாளாகப் பிடிக்கவே கூடாது. கன்றாக இருந்தபோது நெற்றியில் கை வைத்து முட்டவிட்டு ரசித்த காளை இரண்டு வயதில் அதே விளையாட்டைத்தான் தொடர்கிறது. பாட்டில் பால் குடித்துத் தனியே வளர்ந்த காளையிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அதற்கு மனிதரிடம் அச்சமே இருக்காது.

சல்லிக்கட்டுக் காளைகளுக்கு வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துத்தான் விடுகிறார்கள். களத்தைக் கடந்து மூச்சிரைக்க நிற்கும் காளைக்கு உடனே மூக்கில் புதுக் கயிறு நுழைக்க முயல்வதில் அடிபடுவோர் உண்டு. தலைக்கயிறு விழுந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கி, வீட்டாரின் குரலுக்குக் காது திருப்பும்வரை மூக்கின் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

எல்லாம் மீறி மூக்கு கிழிந்துவிட்டால், புண் புதிதாக இருக்கும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசென்றால் தைத்துச் சேர்க்க வாய்ப்பு இருக்கிறது. ஈ மொய்த்து ஓரம் காய்ந்த பிறகு தையல் நிற்பது அரிது. கிழிந்த இடத்துக்குப் பின்னால் உடனே வேறொரு துளை போட்டால் அது குருத்தெலும்பில்தான் விழும். அப்படிப்பட்ட மாட்டுக்கு முகத்தைச் சுற்றி வரும் தலைக்கயிற்றைச் சற்று அகலமான பட்டையாகத் தைத்துப் போட்டு, அதிலேயே வண்டிக்கும் ஏருக்கும் மறுபடி பழக்கலாம். நாள் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பழகிவிடும்.