மூர் நிலம் விற்பனைக்கு வந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு இங்கிலாந்தில் ஒரு மூர் விற்பனைக்கு வந்தால் போதும், ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழு, இணைய மனு, ஊர் மண்டபத்தில் கூட்டம் எல்லாம் கிளம்பிவிடும். பாதை உரிமை விவகாரங்களில் தன்னார்வலனாக ஒத்தாசை செய்கிறவன் என்பதால் இந்தக் கூட்டங்களின் பின்வரிசையில் அடிக்கடி உட்கார்ந்திருப்பேன். நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த குழிகளிலேயே புதிதாக வருபவர்களும் தவறாமல் விழுகிறார்கள். மரியாதையாகப் பேசுங்கள், கடைசித் தேதியைக் குறித்துவையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூரைப் பார்த்திராதவர்களுக்கு: ஹெதர் புதர், கோரை, கால் வைத்தால் பஞ்சுபோல் அமுங்கும் பீட் மண். மரம் அதிகம் இருக்காது. பல மூர்கள் க்ரௌஸ் என்ற பறவையை வேட்டையாடுவதற்காகவே பராமரிக்கப்படுகின்றன.

விற்றுவிட்டால் நடக்கவே முடியாது என்று பதறுவது

முடியும். 1932-ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மூரில் தடையை மீறி ஏறியவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு பகுதி 2000-ஆம் ஆண்டு சட்டமாகவே வந்துவிட்டது. அரசு வரைபடத்தில் திறந்தவெளி என்று குறிக்கப்பட்ட மூரில் யாரும் நடக்கலாம். அந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது. பத்திரம் யார் பெயருக்கு மாறினாலும் போகாது.

மஞ்சள் நிறத்தை மட்டும் பார்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற தேசிய வரைபட நிறுவனத்தின் வரைபடத்தில் இப்படிப்பட்ட நிலத்துக்கு வெளிர்மஞ்சள் பூசியிருப்பார்கள். மூர் முழுக்க மஞ்சளாக இருப்பதைப் பார்த்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். சாலையிலிருந்து அந்த மஞ்சளுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் எஸ்டேட்டை லாட் லாட்டாகப் பிரித்து விற்றார்கள். விற்பனைக் கையேட்டின் வரைபடத்தில் மூரைச் சுற்றிச் சிவப்புக் கோடு. சாலைக்கும் மூருக்கும் நடுவே இருந்த இரண்டு ஆட்டு மேய்ச்சல் வயல்களும் பண்ணை வீடும் தனி லாட், நீலக் கோடு. கூட்டத்தில் பேச்செல்லாம் சிவப்பைப் பற்றித்தான். மூரை வாங்கப்போகிறவர் வேட்டையை நிறுத்திவிட்டு, பீட் மண் காயாமல் இருக்க அதில் வெட்டிய வடிகால்களை அடைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் கைதட்டல். நீலக் கோட்டை வாங்குவது யார் என்று ஒருவர் கேட்டார். ஏஜென்ட் கடிதம் கொடுத்திருக்கிறாரே, “தற்போதைய நடைமுறை தொடரும்” என்று எழுதியிருக்கிறாரே என்று அவரை உட்காரவைத்துவிட்டார்கள்.

வயல் வழியாகப் போன அந்தப் பாதையின் கேட்டில் கையகலத் தகடு ஒன்று இருந்தது. பாசியைச் சுரண்டினால் படிக்கலாம்: இது நிலச் சொந்தக்காரரின் அனுமதியால் பயன்படுத்தும் வழி, பொதுப் பாதை அல்ல. புதுச் சொந்தக்காரர் குளிர்காலம் முடிவதற்குள் சங்கிலி போட்டுவிட்டார். சட்டப்படி மூர் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் ஊரிலிருந்து அங்கே போக வழியில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏற வேண்டும்.

இருபது வருஷமாக நடக்கிறோமே, உரிமை வந்திருக்காதா என்பார்கள். 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், தடங்கல் இல்லாமல் 20 ஆண்டு பொதுமக்கள் நடந்த வழியைப் பொதுப் பாதை என்று கோரலாம் என்பது உண்மைதான். “யாரையும் கேட்காமல்” என்பதில்தான் சிக்கல். அனுமதி கொடுத்து நடக்கவிட்டதாகத் தகடு சொல்கிறது, அப்புறம் எங்கே உரிமை? தகடே இல்லாவிட்டாலும், “எந்த வழியையும் பொதுவாக்கும் எண்ணம் எனக்கில்லை” என்று சொந்தக்காரர் கவுன்சிலில் பிரகடனம் தாக்கல் செய்திருக்கலாம். கவுன்சில் அதற்கென்று பதிவேடு வைத்திருக்கிறது. போய்ப் பாருங்கள்.

பத்திரம் கைமாறுவதற்கு முன்னால் விற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டு அந்த வழியைப் பொதுப் பாதையாக்கலாம். அல்லது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி அந்த நிலத்தையே பொதுமக்களின் நடைக்கு அர்ப்பணிக்கலாம். அர்ப்பணித்ததைத் திரும்ப வாங்க முடியாது. அடுத்தடுத்து வாங்குபவர்களையும் அது கட்டும். ஊரில் நல்ல பெயரோடு விடைபெற நினைக்கும் விற்பனையாளர் அந்த நேரத்தில் காது கொடுப்பார். பணம் வங்கிக்குப் போன பிறகு அவருக்கு என்ன அக்கறை? ஏஜென்டின் கடிதம், நிலத்தை வாங்கியவரை ஒரு நூல்கூடக் கட்டுப்படுத்தாது. அதை லேமினேட் செய்து மண்டபத்து அறிவிப்புப் பலகையில் மாட்டியிருந்தார்கள், போன முறை போனபோதும் அங்கேயேதான் இருந்தது.

“நல்லவர்தான் வாங்குகிறார்”

அவரும் ஒருநாள் விற்பார்.

நடக்கலாம் என்றால் எல்லாம் செய்யலாம் என்று நினைப்பது

சைக்கிள், குதிரை, கூடாரம் எதுவும் இந்த உரிமையில் சேராது. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூரில் கூடாரம் போடலாமே என்றால், அங்கே 1985-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பதி அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, ஜூலையில் மேல்முறையீட்டில் மாறியது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கூடாரம் போடலாம் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை வைத்துக்கொண்டு யார்க்ஷயரில் கூடாரம் அடிக்காதீர்கள்.

நாளை அங்கே என்ன வரும் என்று கேட்காமல் விடுவது

நிலப் பதிவகத்தில் கொஞ்சம் கட்டணம் கட்டினால் பத்திரப் பதிவின் நகல் கிடைக்கும். அதில் வேட்டை உரிமை “விலக்கி ஒதுக்கப்பட்டது”, அதாவது முந்தைய சொந்தக்காரர் ஒருவர் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மூரை வாங்கியவர் எவ்வளவு பெரிய பறவைப் பிரியராக இருந்தாலும் துப்பாக்கிச் சத்தம் நிற்காமல் போகலாம். மரம் நடப் போகிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: நடுவதற்காக உழுத மண்ணில், உழுததிலிருந்து 12 மாதம் இந்த நடை உரிமை செல்லாது. மூர் பதிவுசெய்யப்பட்ட பொது மேய்ச்சல் நிலமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அரசின் ஒப்புதல் இல்லாமல் அங்கே வேலி போட முடியாது.

லாங்ஹோமைக் காட்டிப் பேசுவது

தெற்கு ஸ்காட்லாந்தில் லாங்ஹோம் ஊர்க்காரர்கள் பக்ளூ எஸ்டேட்டிடமிருந்து 2021-ல் 38 லட்சம் பவுண்டுக்கு 5,200 ஏக்கரும், அடுத்த ஆண்டு 22 லட்சத்துக்கு 5,300 ஏக்கரும் வாங்கினார்கள். டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம் அப்படித்தான் உருவானது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், கூடாரமும் போடலாம். மூரை அடைய வயலோரமாகப் போனாலும் யாரும் தடுக்க முடியாது. அதனால் அவர்களுடைய கவலையெல்லாம் நிலத்தை என்ன செய்வது என்பதில் இருந்தது. இங்கிலாந்தில் அதே பாணியில் பணம் திரட்டுகிறவர்கள் மூரின் விலையை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் கிடக்கும் இரண்டு வயலுக்குப் பணம் ஒதுக்குவதில்லை.

நாய்

இங்கிலாந்தின் இந்த மூர்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை குட்டைக் கயிற்றில்தான். ஆடு மாடு பக்கத்தில் இருந்தால் எப்போதுமே. இதற்காகக் கூட்டத்தில் அரை மணி நேரம் சண்டை போடாதீர்கள்.