வீட்டுக் கொரோனா கதைகளை எழுதி வைப்பது எப்படி?

வீட்டில் யாரையாவது பிடித்து "கொரோனா சமயத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "அத ஏன் கேக்குற, ரொம்பக் கஷ்டம்தான்" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. தப்பு அவர்கள் மேல் இல்லை, கேள்வி அப்படி. அதே ஆளிடம் "அப்போ பால் பாக்கெட்ட என்ன பண்ணுனீங்க?" என்று கேளுங்கள். நான் என் அம்மாவிடம் கேட்டேன். பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவியதில் ஆரம்பித்து, ரூபாய் நோட்டையும் டெட்டாலில் நனைத்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தது, அதில் ஒரு ஐந்நூறு ரூபாய் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது, எடுக்கப் போனவளை அவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியது, அந்தக் கோபத்தில் இன்றுவரை அந்த வீட்டுக்குக் கொழுக்கட்டை போகாதது என்று முக்கால் மணி நேரம் ஓடியது. ஆக முதல் விதி, உணர்ச்சியைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள். பால், மாஸ்க், கேஸ் சிலிண்டர், முடிவெட்டு, இ-பாஸ், கபசுரக் குடிநீர். மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

இதை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1918 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் அந்த வருடம் என்ன நடந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. பழைய கொள்ளை நோய்களில் நமக்கு மிஞ்சியது "பேதியில போக", "கொள்ளையில போக" என்ற வசவும், கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவிலும்தான். (2021இல் அதே கோவை வட்டாரத்தில் இருகூரில் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்துவிட்டார்கள், அது வேறு கதை.) சாமி மிஞ்சியது, சாமியைக் கும்பிட்டவள் அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தாள் என்பது மிஞ்சவில்லை.

கேட்க உட்காரும் முன் ஒரு தாளில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாருக்கும் 2020உம் 2021உம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்குக் கைதட்டல். மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தது, நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கு. மே 7 டாஸ்மாக் திறந்தது, மறுநாளே நீதிமன்றம் மூடச் சொன்னது. ஜூன் 9 பத்தாம் வகுப்பு ஆல் பாஸ் அறிவிப்பு. அப்புறம் 2021 மே 10இல் மறுபடி முழு ஊரடங்கு, ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த நாட்கள். தேதி நினைவில்லாதவரிடம் "ரேஷன்ல அப்போ ஆயிரமா, ரெண்டாயிரமா?" என்று கேளுங்கள். ஆயிரம் என்றால் முதல் அலை, இரண்டிரண்டாயிரமாக இரண்டு தடவை என்றால் இரண்டாவது அலை. உங்கள் போனில் உள்ள பழைய போட்டோ, ஜிபே கணக்கு, குடும்ப வாட்ஸ்அப் குரூப் எல்லாம் தேதி சொல்லும் சாட்சிகள்தான்.

பேச்சு நகரவில்லையா, ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மாஸ் அப்சர்வேஷன் என்று 1937இல் தொடங்கிய ஒரு திட்டம் உண்டு. மே 12 அன்று காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள் என்று சாதாரண ஆட்களை எழுதி அனுப்பச் சொல்வார்கள். 2020 மே 12க்கும் அங்கே ஆயிரக்கணக்கானோர் எழுதி அனுப்பினார்கள். பெரிய சிந்தனை எதுவும் வேண்டாம், என்ன சாப்பிட்டாய், யாரிடம் பேசினாய், எதற்கு வரிசையில் நின்றாய், அவ்வளவுதான். நான் மார்ச் 24ஐ வைத்துக் கேட்டேன். தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே 144 போட்டுவிட்டதால் பகல் முழுக்க எல்லாரும் ஓட்டமாக ஓடியிருக்கிறார்கள், அதனால் அந்த நாள் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

வீட்டில் நன்றாகப் பேசுகிற மாமாவிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள், அவர் சொல்வதில் பாதி செய்திச் சேனலில் பார்த்தது. ஒரே போனில் அண்ணனும் தங்கையுமாக ஆன்லைன் வகுப்பு கவனித்த பிள்ளைகளைக் கேளுங்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள். என் அத்தை மகன் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. அங்கே 2020 ஏப்ரல் 7இல் சர்க்யூட் பிரேக்கர் என்று அடைத்தார்கள், மற்றவர்களுக்கு ஜூன் தொடக்கத்தில் கொஞ்சம் திறந்தும், டார்மிட்டரி என்கிற தொழிலாளர் விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்கு அடைப்பு நீண்டுகொண்டே போனது. "உனக்கு அங்க என்ன தெரிஞ்சுச்சு?" என்று கேட்டதற்கு, "மேல் கட்டில்காரன் கால் தெரிஞ்சுச்சு" என்றான். ஒரே அறையில் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில், யார் இருமினாலும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

நாம் மற்றவர்களுக்குச் செய்ததையும் கேட்கத்தான் வேண்டும், இது கொஞ்சம் சங்கடமான இடம். தெருவில் யார் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், அந்த வீட்டுக்காரர்களோடு பேசுவதை யார் நிறுத்தினார்கள், வேலைக்கு வந்த அக்காவை நிறுத்திவிட்டுச் சம்பளம் கொடுத்தோமா இல்லையா. எங்கள் வீட்டில் முதல் மாதம் கொடுத்தோம், அடுத்த மாதம் கொடுக்கவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதும்போது மொழியைத் திருத்தாதீர்கள். பாட்டி "கொரானா" என்றால் கொரானாதான், "லாக்டவுனு" என்றால் லாக்டவுனுதான். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அப்புறம் கேட்கும்போது காற்றுச் சத்தம்தான் இருக்கும். ஒரு நகல் பேப்பரிலும் இருக்கட்டும். போன் உடையும்.

சாவு நடந்த வீட்டில் மட்டும் என் முதல் விதியை மறந்துவிடுங்கள். அங்கே எதையும் கேட்காதீர்கள், போய் உட்காருங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். என் சித்தப்பா 2021 மே மாதம் போனார். சித்தி ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியே பேசினாள். நான் போனை அணைத்துப் பையில் போட்ட பிறகுதான் எழுந்துபோய் பீரோவிலிருந்து மூன்று தினசரி காலண்டர் தாள்களை எடுத்து வந்தாள். விரல் நுனியில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பார்த்து சித்தப்பா தாளுக்குப் பின்னால் பென்சிலில் எழுதிய எண்கள், 96, 96, 95, ஒரு இடத்தில் 92 என்று எழுதி அடித்துவிட்டு 94 என்று திருத்தியிருக்கிறார். "என்னைய பயமுறுத்தக் கூடாதுன்னு மாத்திட்டாரு"ன்னு சித்தி சொன்னாள்.

இப்படித் தாள் ஏதும் கிடைத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு கையோடு திருப்பிக் கொடுங்கள். முன்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், தேதி அங்கேதான் இருக்கும்.